உள்ளத்தை நோக்கிய நான்கு வழிகள்



இராஜபாளையத்தில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன், பிற்பகலில் நூற்பாலைச் சங்கு ஒலித்ததும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவான். கவனக் குறைவென்று கருதி அவனைப் பலமுறை தண்டித்தேன். பயிற்சிக் கல்லூரியில் உளநூல் கற்றுத் தேறியவன்தான் நான். கற்றது தேர்வோடு நின்றுவிட்டது.

அந்நூலின் வரலாறு நீண்டதன்று. 1879-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்னும் அறிஞர் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் நிறுவினார். ஒருவன் தன் உள்ளத்து நிகழ்ச்சிகளைத் தானே நோக்கிக் கூற, அவற்றைக் கூறுகளாகப் பகுத்தறிவது அவர் வழி.

அவன் கூறுவதைப் பிறர் சரிபார்ப்பது எங்ஙனம்? அமெரிக்க அறிஞர் வாட்சன், 1913-இல், வெளியே புலப்படும் நடத்தையே ஆராய்தற்குரியது என்றார். உணவோடு ஓர் ஒலியையும் பலமுறை சேர்த்துக் கேட்ட நாய், பின்னர் அவ்வொலியை மட்டும் கேட்டபோதே உமிழ்நீர் சுரந்ததை, உருசிய நாட்டுப் பாவ்லாவ் முன்னரே காட்டியிருந்தார். அஃது இக்கொள்கைக்கு வலிமை தந்தது.

ஜெர்மனியிலோ 1912-இலேயே வெர்த்தைமர் வேறொரு வழியைத் திறந்திருந்தார். முழுமை என்பது பகுதிகளின் வெறும் கூட்டன்று என்பது அவ்வழியினர் கொள்கை. ஆண்டாள் கோயில் இராஜகோபுரத்தைத் தொலைவில் காண்பவன், 11 நிலைகளையும் எண்ணிக் கூட்டிய பின்னரா அதனைக் கோபுரமென்று அறிகிறான்?

வியன்னாவில் வாழ்ந்த ஃபிராய்டு, நாம் அறியாத அடிமனமே நம்மைப் பெரிதும் இயக்குகிறது என்றார். அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த கிரீந்திரசேகர் போஸ், 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்புக் கழகத்தைத் தோற்றுவித்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1916-இலேயே உளவியல் துறை தோன்றியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இல் தோன்றியது.

அம்மாணவன் பள்ளிக்கு வராது நின்ற பின்னரே அவன் இல்லம் தேடிச் சென்றேன். ஆலைத் தொழிலாளியான தந்தை இறந்த செய்தி, அச்சங்கு ஒலித்த வேளையில்தான் வந்ததென்று தாயார் கூறினார். என் பிழை விளங்கிற்று. வூண்டைப் போல அவனையே நான் கேட்கவில்லை. ஒலிக்கும் துயருக்கும் இருந்த பிணைப்பை எண்ணவில்லை. இல்லத்தோடு சேர்த்து அவனை முழுமையாக நோக்கவில்லை. உள்ளே புதைந்த துன்பத்தைத் தேடவும் இல்லை.

அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை. நான்கு கொள்கையினரும் தம்முள் மாறுபட்டவர்களே. ஆயினும் ஆசிரியனுக்கு அவர்கள் நால்வரிடமும் ஒரு பாடம் உண்டு: தண்டிக்குமுன் காரணத்தைத் தேடுக.