ஸர்உ: வலிப்பு நோயும் ஒரு பெண்மணியின் வேண்டுகோளும்

வலிப்பு நோயை அரபு மருத்துவ நூல்கள் 'ஸர்உ' எனக் குறிக்கும். கீழே வீழ்த்துதல் என்பது அச்சொல்லின் பொருள். வீழ்த்துவது எது என்னும் வினாவுக்குப் பண்டைய மக்கள் தெய்வ சினம் என்றும் தீய ஆவி என்றும் விடை கண்டனர். கி.மு. 400 அளவில் எழுந்த, ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று இதனை மறுத்து, நோயின் இருப்பிடம் மூளையே என்றது.

முஸ்லிம்கள் இந்நோயை நோக்கிய முறைக்கு அடிப்படையாக அமைந்தது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும் ஒரு ஹதீஸாகும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தம் மாணவர் அதாஉ இப்னு அபீ ரபாஹுக்குச் சுவனத்துப் பெண்மணி எனக் கறுப்பு நிறப் பெண்மணி ஒருவரைக் காட்டுகின்றார்கள். அப்பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதையும் அவ்வேளை ஆடை விலகிவிடுவதையும் எடுத்துரைத்து துஆ வேண்டினார். பொறுமை காத்துச் சுவனம் பெறுவது, அல்லது நலம்பெற துஆச் செய்யப்படுவது என இரண்டையும் நபியவர்கள் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். தம் உடல் வெளிப்படாதிருக்க மட்டும் துஆச் செய்யுமாறு கேட்டார். அவ்வாறே நபியவர்கள் துஆச் செய்தார்கள். நோய் அவருடைய தகுதியைச் சிறிதும் குறைக்கவில்லை என்பதும், அவரை மிகவும் வருத்தியது பிறர் முன் மானம் குலையும் நிலையே என்பதும் இங்குக் கருதத்தக்கன.

அப்பெண்மணியின் பொறுமையை, மருத்துவத்தை மறுப்பதற்கான சான்றாக அறிஞர்கள் கொள்ளவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் நபியவர்களே. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில் வலிப்பைத் தலை சார்ந்த நோய்களுடன் வைத்து, மூளையின் உட்குழிகளில் ஏற்படும் முழுமையுறாத அடைப்பே அதன் காரணம் என்றார். திமிஷ்கின் இப்னுல் கய்யிம் (1292–1350) தீய ஆவிகளால் வருவது, உடலின் திரவங்களால் வருவது என வலிப்பை இருவகைப்படுத்தினார். ஆயினும் ஹதீஸில் வரும் பெண்மணியின் நோய் இரண்டாம் வகையினதாக இருக்கலாம் என்றே எழுதினார்.

அடைப்பு என்னும் விளக்கம் நிலைக்கவில்லை. மூளையே இடம் என்பது நிலைத்தது. மனித மூளையின் மின்னலைப் பதிவை ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட பின்னர், நரம்பணுக்களின் கட்டுக்கடங்காத மின்பாய்ச்சலே வலிப்பு என்பது தெளிவாயிற்று. முறையான சிகிச்சை கிடைப்பின் நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ரமளானில் மருந்து வேளையைத் தாமாக மாற்றுவதும் நிறுத்துவதும் ஆபத்தானவை. மருத்துவரைக் கலந்தே முடிவெடுத்தல் வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு.

நம்மிடையே வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. அதனால் பயனேதும் இல்லை. கை கால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. வாயில் நீரோ வேறு பொருளோ இடலாகாது. அருகிலுள்ள கடினப் பொருள்களை அகற்றி, தலைக்கு மெத்தென்ற துணி வைத்து, கழுத்துப் பகுதி ஆடையைத் தளர்த்த வேண்டும். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நினைவு தெளியும்வரை உடனிருத்தல் வேண்டும். வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ, மூச்சு சீராகாவிடினோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இவற்றோடு, விலகிய ஆடையைச் சரிசெய்து, சூழும் கூட்டத்தை அகற்றுவதும் உதவி செய்வோரின் கடமையாகும். அப்பெண்மணி நபியவர்களிடம் கேட்டது அதனையே.