பெயருக்கு எத்தனை பெட்டி?

எங்கட ஆக்களிடம் பெயர் வெட்டுப்பட்ட கதை இல்லாத வீடு குறைவு. வங்கி அட்டையில் ஒரு மாதிரி, விமான ரிக்கற்றில் இன்னொரு மாதிரி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவில் வேறு மாதிரி. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் பின்னுக்குப் போய், கடைசி நாலைந்து எழுத்துக்கள் காணாமல் போயிருக்கும். இதைப் பற்றிக் கதைத்தால் "வெள்ளைக்காரனுக்கு எங்கட பெயர் வாயில் வராது" என்று ஒரு சிரிப்போடு முடித்துவிடுவார்கள். வாயில் வராதது வேறு விசயம். எழுத்துக்கள் காணாமல் போனதற்குக் காரணம் வாய் அல்ல, பெட்டியின் அகலம். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மேசையில் இருந்து "பெயருக்கு இவ்வளவு போதும்" என்று முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் போனால் நூறு வருசத்துக்கு மேலே பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1890 ஆம் ஆண்டு குடிசன மதிப்பீட்டுக்கு ஹேர்மன் ஹொலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளையும் அவற்றை எண்ணும் இயந்திரத்தையும் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய கொம்பனி வேறு கொம்பனிகளோடு சேர்ந்து பிறகு ஐ.பி.எம். ஆனது. 1928 இல் ஐ.பி.எம். 80 நிரல் உள்ள அட்டையை வெளியிட்டது. அதற்கு முன் இருந்தது 45 நிரல். ஒரு நிரலில் ஒரு எழுத்து அல்லது ஒரு இலக்கம். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்றால் அவருடைய பெயர், முகவரி, பிறந்த திகதி, சம்பளம் எல்லாம் அந்த 80 க்குள் அடங்க வேண்டும். பெயருக்கு 20 கொடுத்தால் மிச்சம் 60. ஆகவே பெயருக்கு எத்தனை என்பது மனிதருடைய பெயரைப் பார்த்துப் போட்ட கணக்கு அல்ல, மட்டையைப் பார்த்துப் போட்ட கணக்கு. முகவரிக்கு இடம் வேண்டுமென்றால் பெயரில் கை வைக்க வேண்டும்.

ஆண்டில் '19' ஐ எழுதாமல் விட்டதும் இதே கஞ்சத்தனம்தான். இரண்டு நிரல் மிச்சம். அட்டை போய் காந்த நாடா வந்தது, நாடா போய் தட்டு வந்தது, ஆனால் இரண்டு இலக்க ஆண்டு மட்டும் போகவில்லை. கடைசியில் 2000 ஆம் ஆண்டுக்கு முன்னால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பணம் கொட்டி அதைத் திருத்தினார்கள். இலங்கை அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் (பெண் என்றால் 500 கூட்ட வேண்டும்). ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்துமாக ஊரில் படிவங்களில் பத்துப் பெட்டி இருக்கும். 2016 இல் இருந்து ஆண்டு நாலு இலக்கமாகி மொத்தம் 12 இலக்கம் ஆனது. பத்துப் பெட்டியோடு அச்சடித்த படிவங்கள் எல்லாம் ஒரே நாளில் பழைய பேப்பர்.

அட்டைக்குப் பிறகு கணனித் திரை வந்தபோதும் 80 விடவில்லை. 1970 களில் வந்த ஐ.பி.எம். முனையங்களிலும், 1978 இல் வந்த விரி-100 இலும் ஒரு வரிக்கு 80 எழுத்து. இன்றைக்கும் நிரல் எழுதுகிற பலர் வரியை 80 க்குள் முடிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பாதிப் பேருக்கு மட்டையின் கதை தெரியாது.

எங்களைப் போன்றவர்களுக்குக் கழுத்தைப் பிடிக்கிற அகலம் கடவுச்சீட்டில் இருக்கிறது. படம் உள்ள பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்கிற இரண்டு வரிகள் இருக்கிறதே, அதுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980 இல் முதன்முதலாக வெளியிட்ட 9303 என்ற ஆவணத்தின் விதி அது. ஒரு வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஆவண வகைக்கு 2, வழங்கிய நாட்டுக்கு 3, மிச்சம் 39 தான் பெயருக்கு. தகப்பன் பெயர் திருஞானசம்பந்தமூர்த்தி, மகன் பெயர் பாலசுப்பிரமணியம் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதினால் தகப்பனுக்கு 26, மகனுக்கு 15, நடுவில் பிரிக்கிற குறி 2. கூட்டினால் 43. நாலு எழுத்து வெளியே நிற்கும். பின்னால் இருந்து வெட்டினால் மகன் 'பாலசுப்ரம'வோடு நின்றுவிடுவான். எப்படி வெட்டலாம் என்பதற்கும் அந்த ஆவணத்தில் விதி இருக்கிறது. வெட்டுப்படும் என்று தெரிந்தேதான் 39 என்று வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வரியில் பிறந்த ஆண்டு இன்னும் இரண்டே இலக்கம். 2000 ஆம் ஆண்டுப் பிரச்சினையைத் திருத்திய உலகம் இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது :-) அதே வரியில் குடியுரிமைக்கு மூன்று இடம். இலங்கை என்றால் எல்.கே.ஏ. ஆனால் 1951 அகதிகள் சாசனத்தின்படி பயண ஆவணம் எடுத்தவருக்கு அந்த மூன்று பெட்டிக்கும் ஒரு குறி ஒதுக்கியிருக்கிறார்கள்: எக்ஸ்.எக்ஸ்.பி. நாடற்றவருக்கு எக்ஸ்.எக்ஸ்.ஏ. கன காலம் அந்த ஆவணத்தோடு திரிந்தவன் நான். பெட்டி காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக மூன்று எழுத்துத் தந்தார்கள்.

இந்த வெட்டு வெறும் மானப் பிரச்சினை இல்லை. 2011 இல் ஊரில் அம்மாவின் ஒப்பரேசனுக்குக் காசு அனுப்பினேன். அனுப்புகிற இடத்துக் கணனி பெறுபவர் பெயரில் 30 எழுத்துக்கு மேல் வாங்கவில்லை. அங்கே அம்மாவின் அடையாள அட்டையில் முழுப் பெயர். "இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்?" என்று கவுண்டரில் கேட்டார்கள். ஐந்து நாள் இழுபட்டது. அந்தப் பிள்ளையிலும் பிழை சொல்ல ஏலாது. அவளுக்கு முன்னால் இருந்ததும் ஒரு பெட்டிதான்.

இனி இணையப் பக்கங்களுக்கு வருவம். 1995 நவம்பரில் வெளிவந்த எச்.ரி.எம்.எல். 2.0 இல், எழுதுகிற பெட்டிக்கு இரண்டு தனித்தனி அளவுகள் இருக்கின்றன. ஒன்று 'சைஸ்', பெட்டி கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிய வேண்டும் என்பது. மற்றது 'மக்ஸ்லெங்த்', அதற்கு மேல் ஒரு எழுத்தும் வாங்காதே என்பது. எனக்கு இது பெரிய விசயமாகப் படுகிறது. மட்டையில் இந்த இரண்டும் ஒன்றுதான், நிரல் முடிந்தால் மட்டை முடிந்தது. இணையத்தில் பெட்டி சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே எழுத்து நகர்ந்து நகர்ந்து போகலாம். வெட்ட வேண்டிய தேவையே இல்லை. அப்படியிருந்தும் பழைய தரவுத்தளத்தில் இருந்த 20, 25, 30 என்ற இலக்கங்களை அப்படியே தூக்கி மக்ஸ்லெங்தில் போட்டார்கள். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் உலாவி காட்டுகிற அகலமும் 20 எழுத்துத்தான். பார்ப்பவர் என்ன நினைப்பார்? என்ர பெயர் இதற்குக் கூடிப்போச்சு என்று தானாகவே ஒரு துண்டை விட்டுவிடுவார்.

அகலம் கதைக்கும் என்பது தெரிந்தவர்கள் அதை நல்லதற்கும் பாவிக்கிறார்கள். இணையப் படிவ வடிவமைப்புப் பற்றி லூக் வொரொப்லெவ்ஸ்கி 2008 இல் எழுதிய புத்தகத்தில், பெட்டியின் நீளமே என்ன எழுத வேண்டும் என்பதற்கு ஒரு சைகை என்கிறார். பிரித்தானிய அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும், நாளுக்கு 2, ஆண்டுக்கு 4 மாதிரி நீளம் தெரிந்தவற்றுக்கு மட்டும் ஒட்ட அளவெடுத்த பெட்டியை வைக்கச் சொல்கிறது. பெயருக்கு முடிந்தவரை ஒரே பெட்டி, முதல் பெயர் குடும்பப் பெயர் என்று பிரிக்காமல். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதி எழுதிக் களைத்தவனுக்கு அந்த வரி எவ்வளவு ஆறுதல் தெரியுமா.

தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கல். பாமினி எழுத்துருக் காலத்தில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைற். யூனிகோட்டில், இணையத்தில் வழக்கமாகப் பாவிக்கிற யூரிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற். கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனிக் குறிகள். 'பாலசுப்பிரமணியம்' நாங்கள் எண்ணினால் 10 எழுத்து. கணனி எண்ணினால் 16 குறி, 48 பைற். தரவுத்தளம் 30 பைற் தான் என்று சொன்னால் 'பாலசுப்பிர' என்று நிற்கும். 18 என்றால் 'பாலசுப', புள்ளியும் போய்விடும். எஸ்.எம்.எஸ். இலும் இதே கதை. ஒரு செய்திக்கு 140 பைற். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்து 7 பிற் என்பதால் 160 எழுத்து, தமிழுக்கு ஒரு குறி 16 பிற் என்பதால் 70. அந்த 160 போதும் என்று 1985 இல் பொன் நகரில் பிரிட்ஹெல்ம் ஹில்லபிறாண்ட் என்பவர் தட்டச்சில் வசனங்களை அடித்து, எழுத்துக்களை எண்ணிப் பார்த்து முடிவுக்கு வந்தாராம். எண்ணிப் பார்த்ததற்கு அவருக்கு நன்றி. பலர் அதுகூடச் செய்வதில்லை.

நான் வேலை செய்கிற குசினியிலும் ஓடர் அடிக்கிற பிறின்ரர் 80 மில்லிமீற்றர் தாளில் ஒரு வரிக்கு 42 எழுத்து அடிக்கும். அதற்கு மேல் நீண்ட சாப்பாட்டுப் பெயர் என்றால் அடுத்த வரிக்கு மடியும், வெட்டாது. "கடலை போடாதே, ஒவ்வாமை" என்பது வெட்டுப்பட்டால் ஆளே போய்விடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஹவாயில் ஒரு பெண்ணுக்கு இறந்துபோன கணவர் வழியாக வந்த குடும்பப் பெயர் 35 எழுத்து. சாரதி அனுமதிப்பத்திரத்தில் கடைசி எழுத்து இல்லை, அவருடைய முதல் பெயர் முழுக்கவே இல்லை. வீதியில் மறித்த பொலிஸ்காரர் முதல் பெயர் எங்கே என்று கேட்டிருக்கிறார். கலியாணத்துக்கு முந்திய பெயருக்குத் திரும்பிப் போகலாம்தானே என்றும் சொல்லப்பட்டது. அவர் மாட்டேன் என்று 2013 இல் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு எழுதினார். விசயம் உலகச் செய்தியானது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாநிலம் முதல் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் 40 எழுத்து வரை இடம் விட்டு, அவருக்குப் புது அனுமதிப்பத்திரம் கொடுத்தது.