36க்குப் பக்கத்தில்

1840இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியானது. எழுதியவர் ஆஸ்ட்லி கூப்பர், மன்னருக்கே கத்தி வைத்த அறுவை மருத்துவர். இறந்த உடல்களில் பால் நாளங்களுக்குள் வண்ண மெழுகைச் செலுத்தி, அவை கிளை பிரிந்து ஓடும் வழியைப் படமாக்கியிருந்தார். மார்பகத்துக்குள் தசையே இல்லை, சுரப்பியும் கொழுப்பும்தான். தாங்கிப் பிடிப்பவை மெல்லிய நார் இழைகள்; இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். சுரப்பி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒரே பெண்ணிடம்கூட இடதும் வலதும் அப்படியே ஒத்திருப்பதில்லை. பருவ வயதில் ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும். மருத்துவர்களுக்குப் புரிந்துவிட்ட இந்த வேறுபாடு, துணி தைப்பவர்களை எட்ட இன்னும் 90 ஆண்டுகள் பிடித்தன.

அப்போது ஐரோப்பியச் சீமாட்டிகளின் கதி கார்செட்தான். திமிங்கல எலும்பும் எஃகுக் கம்பியும் வைத்துத் தைத்த கவசம் அது. இடுப்பை நெரித்து, மார்பைக் கீழிருந்து மேலே தள்ளும். 1889 பாரீஸ் கண்காட்சியில் எர்மினி கடோல் என்ற பெண் அந்தக் கவசத்தை இரண்டாக வெட்டிக் காட்டினார். மேல்பாதி தோள்பட்டை நாடாவில் தொங்கியது. பாரம் தோளுக்கு ஏறியது. ஆனால் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது அவரல்ல, நியூயார்க்கில் ஒரு விருந்துக்குக் கிளம்பிய பத்தொன்பது வயதுப் பெண்.

1910இல் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் போட்டிருந்த மெல்லிய கவுனுக்கு வெளியே கார்செட்டின் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எரிச்சலில் கவசத்தைக் கழற்றி எறிந்தார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, இரண்டு பட்டுக் கைக்குட்டைகளை இளஞ்சிவப்பு ரிப்பனால் இணைத்துத் தைக்கச் சொன்னார். விருந்தில் தோழிகள் சூழ்ந்துகொண்டார்கள். 1914 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. ஒரே அளவு பலருக்கும் பொருந்தும் என்பதைத்தான் அதில் பெருமையாகச் சொல்லியிருந்தார். வியாபாரம் ஓடவில்லை. 1,500 டாலருக்கு வார்னர் என்ற கார்செட் நிறுவனத்திடம் விற்றுவிட்டு ஒதுங்கினார். வார்னர் அதில் பெரும்பணம் பார்த்தது வேறு கதை. மேரி பெருமைப்பட்ட அந்த ஒற்றை அளவுதான் அடுத்து வந்தவர்களுக்குத் தலைவலியானது.

1920களில் தட்டையான மார்புதான் நாகரிகம். பையனைப் போலத் தெரிய வேண்டும் என்று பெண்கள் பட்டை சுற்றி அமுக்கிக்கொண்டார்கள். அப்போது எனிட் பிசெட் நடத்திய நியூயார்க் துணிக்கடையில் பங்குதாரராக இருந்தவர் ஐடா ரோசந்தால். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்து, தவணையில் தையல் மிஷின் வாங்கி முன்னுக்கு வந்தவர். விலை உயர்ந்த கவுனைத் தைத்துக் கொடுத்தால், நடுத்தர உடல்வாகுள்ள பெண்கள் மேல் அது ஒழுங்காக விழவே இல்லை. இருவரும் அந்தப் பட்டையை நடுவே சுருக்கி, இரண்டு கிண்ணங்களாகப் பிரித்தார்கள். கவுன் வாங்கினால் அது இலவசம். சில நாளில் கவுனே வேண்டாம், அந்த இலவசத்தைக் கொடுங்கள் என்று கூட்டம் வந்தது! பொழுதுபோக்காகச் சிலை வடிக்கும் ஐடாவின் கணவர் வில்லியம் வடிவமைப்பைக் கையிலெடுத்தார். மெய்டன்ஃபார்ம் நிறுவனம் பிறந்தது. கிண்ணம் கிடைத்துவிட்டது. எவ்வளவு பெரிய கிண்ணம் என்பதற்குத்தான் யாரிடமும் விடை இல்லை.

விடை வந்தது ஃபேஷன் உலகிலிருந்து அல்ல. மிஷிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரில் எஸ்.எச். கேம்ப் என்ற நிறுவனம் இருந்தது. இடுப்பு வலிக்காரர்களுக்கும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் தாங்குபட்டை தைப்பது அதன் தொழில். நெஞ்சைச் சுற்றி ஒரே அளவுள்ள பெண்களுக்கும் மார்பகம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது அவர்களுக்கு அன்றாட அனுபவம். 1932இல் மார்பகத்தின் பருமனையும் தொங்கலையும் சேர்த்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். 1933 பிப்ரவரியில் உள்ளாடை வணிகர்களுக்கான இதழில் அவர்கள் கொடுத்த விளம்பரத்தில் பக்கவாட்டு உருவங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அடையாளமாக ஆளுக்கொரு எழுத்து. ஏ, பி, சி, டி.

உள்ளாடை அட்டைப்பெட்டியின் மூலையில் 36க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை எழுத்து பிறந்தது இப்படித்தான். 1930கள் முடிவதற்குள் வார்னரும் அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் மெய்டன்ஃபார்முக்கு வேறு வேலை வந்தது. பாராசூட் வீரர்கள் நெஞ்சில் கட்டிக்கொண்டு குதிக்கும் தூதுப் புறாக்களுக்குச் சட்டை தைத்தார்கள். கிண்ணம் தைத்த கை புறாவுக்கும் தைக்கும் போலும்.

எழுத்து கடல் தாண்டி இங்கேயும் வந்தது. 1939இல் தொடங்கிய நாயுடு ஹால் கடையின் பெயர் சென்னையில் உள்ளாடைக்கே அடையாளமானது. விருதுநகர் பக்கம், ஆலங்குளம் மாதிரி ஊர்களின் ஜவுளிக்கடைகளுக்கு எண் வந்து சேர்ந்துவிட்டது. எழுத்து மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. "அக்கா, முப்பத்தாறா, முப்பத்தெட்டா?" அதற்குமேல் கேள்வி இல்லை. எண் மார்புக்கூட்டின் சுற்றளவு, எழுத்து அதற்குமேல் மார்பகம் எவ்வளவு எழும்புகிறது என்ற கணக்கு. 36பி கிண்ணம் பற்றாத பெண்ணுக்கு வேண்டியது 36சி. பல கடைகளில் பெரும்பாலும் பி மட்டும்தான் இருக்கும். எனவே 38ஐ எடுத்துக் கொடுக்கிறார்கள். கிண்ணம் கொஞ்சம் பெரிதாகிறது, முதுகுப் பட்டையோ தொளதொளக்கிறது, பாரமெல்லாம் தோள் நாடாவில் போய் விழுகிறது. வீட்டுக்கு வந்ததும் முதுகுப் பட்டையை மடித்து ஒரு தையல் போட்டுக்கொள்கிறார்கள்.