பஸ்ஸை விட்டு இறங்கிய பின்

நூற்றாண்டு விழாவுக்கு வருவதாக எழுதிய பழைய மாணவியர் பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டி வருகிறோம், அவர்களுக்கு நமது மலைகளைக் காட்ட வேண்டும், வான் பிடிக்காமல் பஸ்ஸில் போய் அதிகம் மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய இடங்கள் எவை என்று. மலர்க் குழுவினராகிய எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நடக்காமல் தப்ப என்னென்ன தந்திரம் செய்தவர்கள் நாம்! சீசன் டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நிரம்பி வழியும் பஸ் நிற்காமல் போவதைப் பார்த்துவிட்டு, தேயிலைக்கு நடுவே குறுக்கில் இறங்கி ஓடி, வெள்ளைச் சப்பாத்தில் செம்மண்ணும் காலுறைக்குள் அட்டையுமாகக் காலைக் கூட்டத்துக்குப் பிந்தி வந்தவர்கள் அல்லவா?

பட்டியல் ஒன்று எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தோம். எந்தப் பாதையை எடுத்தாலும் அது பழைய கதை ஒன்றில் போய் நின்றது. ஆகவே இது பாதி வழிகாட்டி, பாதி வரலாறு.

நமது முன்னோர் இந்த மலைகளுக்கு வந்ததே நடந்துதான். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுக்குக் கல்லறை இல்லை. ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், ஹட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்குள் இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிவிட்டது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கக் கை வேண்டும். பெண்கள் பெருமளவில் வந்ததும், குடும்பங்கள் லயங்களில் நிலைத்ததும் அதனால்தான்.

அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களின் நடை, வந்து சேர்ந்த பிறகு சுருங்கிப் போனது. கடனைக் குறித்துக் கொடுக்கும் 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. வெளியார் உள்ளே வருவதும் எளிதல்ல. தோட்டத்து றோட்டு தோட்டத்தின் சொத்து. அனுமதியின்றி கால் வைத்தால் அத்துமீறல். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தொழிலாளர் நிலையை நேரில் காண, புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். 1931இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அவர் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் தாமே எழுதிய பாடல்களைப் பாடினார். பாட்டைக் கேட்கப் பெண்கள் கூடினார்கள். நமது பாடசாலைப் பாடப் புத்தகத்தில் இந்த அம்மையார் ஒரு வரியிலும் வரவில்லை என்பது எங்களுக்கு இன்றும் ஆற்றாமை.

புத்தகத்தில் வந்தவர் ஒருவர் பொகவந்தலாவையில் இருக்கிறார். ஹட்டன் பஸ் நிலையத்தில் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினால் டிக்கோயா, காசல்ரீ நீர்த்தேக்கம், நோர்வூட் என்று வழி முழுதும் கண்ணுக்கு விருந்து. வழியில் டிக்கோயாவின் வோர்லி தேவாலயத்தைப் பார்க்கலாம். 1878இல் கட்டியது, கீழே நீர், சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். பொகவந்தலாவையின் புனித மரியாள் தேவாலயத்துக்கு, றோட்டோரம் பேசிக்கொண்டே நடந்து போகலாம். பாட்டிமாருக்கும் ஏற்ற நடை. அங்கேதான் சார்ள்ஸ் கமரன் அடக்கமாகியிருக்கிறார். ஆம், வரலாற்றுப் பாடத்தில் நாம் பாடமாக்கிய கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் அதே கமரன். பரீட்சைக்கு முந்திய இரவுகளில் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தவர்! இராஜகாரியக் கட்டாய வேலையை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குழுவில் இருந்தவர் பிறகு கோப்பித் தோட்ட முதலாளியானார். அருகில் அவருடைய மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர்; 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானவர். இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டெனிசனும் டார்வினும் பெயரோடு நிற்கிறார்கள். இலங்கையில் அவருடைய கெமராவுக்கு முன் நின்ற தொழிலாளப் பெண்களுக்குப் பெயர் இல்லை. அந்தக் கல்லறையருகே நின்றபோது எங்களுக்கு மன்னார்ப் பாதையின் நினைவு வந்தது.

இரண்டாவது நடை மஸ்கெலியா. இது நோர்வூட் வழியாகவே போகும் பஸ். 1969இல் மவுசாக்கலை அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. இன்று நாம் இறங்கும் நகரம் மேட்டில் புதிதாக எழுந்தது. மழை பொய்த்து நீர் வற்றும் மாதங்களில் பழைய கோயிலின் சிதைவுகளும், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்களும் சேற்றிலிருந்து தலை காட்டும். அப்போது மூன்று மதத்தவரும் கரையில் இறங்கி நடப்பார்கள். கற்பூரம் ஏற்றுவோரும் உண்டு. நமது மூத்த மாணவியரில் சிலர் அந்தப் பழைய கடைவீதியில் ரிப்பன் வாங்கியவர்கள். நீர் நிறைந்திருந்தாலும் கவலையில்லை, கரையோரப் பாதையே போதும். எதிரே சிவனொளிபாதமலை நிற்கும். டிசம்பர் முதல் மே வரை யாத்திரைக் காலம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அருமை.

நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் கந்தப்பளை பஸ்ஸைப் பிடியுங்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903இலும், அங்கிருந்து கந்தப்பளை வழியே இராகலைக்கு 1904இலும் ஒரு சின்னக் கோச்சி ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். லொறியும் பஸ்ஸும் அதன் வருமானத்தைத் தின்றன. 1940களில் தண்டவாளம் இல்லாமலே போயிற்று. நடப்பதற்கு எளிது வேண்டுமானால் பீட்ரு தோட்டத்தருகே இறங்கி லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சி வரை போய்த் திரும்பலாம்.

இப்போது இந்தப் பாதைகளுக்குப் புதுப் பெயர் வந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ ட்ரெய்ல்' 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 பகுதிகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் அதற்குக் கிடைத்தது. லூல்கந்துரை, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை எல்லாம் அதன் வழியில் உண்டு. புதிதாக வெட்டியது அல்ல. பெரும்பகுதி பழைய கரத்தை றோட்டுகளும் கொழுந்துக்கூடை போன தடங்களுமே. வட்டகொடைப் பக்கம் போகிறவர்கள் மடக்கும்புரத் தோட்டத்தை நினைவில் வையுங்கள். மலையக மக்கள் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த மண் அது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதுகுப்பையோடு நடப்பதைப் பார்த்து, பஸ் இல்லாமலா போகிறார்கள் என்று ஒரு தோட்டத்துப் பாட்டி எங்களிடம் இரக்கத்தோடு கேட்டார். அவருடைய பேத்தி அன்றும் பாடசாலைக்கு நடந்துதான் போயிருந்தாள்.

ஒரு இடத்துக்கு நடை தேவையில்லை, ஹட்டன் ரயில் நிலையம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. இந்த மேடையில்தான் தலைமன்னார் நோக்கிய பயணத்துக்கு ஏற்றிவிட்டு அழுதோம். அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வந்தது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் வராத மேசைகள் ஒவ்வொன்றாகக் கூடின. இந்த மலரைக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து பிரித்துப் பார்க்கிறவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். அங்கேயும் தேயிலை, அங்கேயும் குறுக்குப் பாதை. முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டால் நீங்கள் பள்ளிக்கு நடந்த வழியை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். எந்த மேட்டில் ஏறி, எந்த மாரியம்மன் கோயிலைத் தாண்டி, எந்தப் பாலத்தில் சப்பாத்தைக் கழற்றினீர்கள் என்று. மானாப் புல் மூடிவிட்ட பல குறுக்குகளை இனிக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

விழாவுக்கு மறுநாள் காலை எங்களில் சிலர் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறவிருக்கிறோம். வருகிறவர்கள் பஸ் நிலையத்துக்கே வந்துவிடுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைப்போம். தோட்டத்து றோட்டில் கால் வைக்கும் முன் காவல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வோம். வெயிலைப் பார்த்து ஏமாறாமல் குடை கொண்டு வாருங்கள். அட்டைக்கு ஒரு துண்டு சவர்க்காரம் போதும். அது எங்களிடம் இருக்கும்.