மஸ்லின் போச்சு... பட்டு நிக்குமா? ஆரணியில் கைத்தறிச் சத்தம் குறைவது ஏன்?

கல்யாணச் சேலை என்றதும் காஞ்சிபுரம்தான் நினைவுக்கு வரும். அதே பட்டு, எடையும் விலையும் கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது என்பவர்கள் தேடிப்போகும் ஊர் ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. 2008-ல் புவிசார் குறியீடு பெற்றது ஆரணிப் பட்டு. ஆனாலும் ஊரில் கைத்தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. என்ன காரணம்?

பட்டுக்கு முன்னாடி என்ன?

19-ம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகளில் ஆரணியின் பெயர் மஸ்லினோடு சேர்ந்தே வருகிறது. அது கையால் நெய்த மிக மெல்லிய பருத்தித் துணி. ஆலைத் துணி குறைந்த விலையில் குவிந்ததும் நாடு முழுக்க இத்தகைய நெசவு நொடித்தது. ஆரணி மஸ்லின் இன்று பெயரளவில்கூட யாருக்கும் நினைவில்லை. ஊர் பட்டை நம்பி நின்றது. இப்போது அந்தப் பட்டுக்கும் கிட்டத்தட்ட அதே சோதனை.

ஒரு தறி நின்றால் யாருக்கு நஷ்டம்?

நெய்பவருக்கு மட்டுமல்ல. பட்டு நூலை முறுக்கேற்ற ஒருவர், சாயம் போட ஒருவர், பாவு ஓட ஒருவர், தார் சுற்ற வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் என்று ஒரு சேலைக்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள். ஆரணி மட்டுமல்ல, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு போன்ற சுற்று ஊர்களும் இந்த வேலையை நம்பியவை.

ஏன் குறையுது?

* கூலி: பலருக்கு நூலும் ஜரிகையும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுப்பது. நெய்த சேலைக்குத்தான் கூலி. அடுத்த பாவு பிணைக்கும் நாள்களில் வருமானம் இல்லை.
* மூலப்பொருள்: கர்நாடகப் பட்டு, சீனப் பட்டு, சூரத் ஜரிகை எனப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகிறது. விலை ஏறினால் உற்பத்தியைக் குறைக்கிறார்கள்.
* விசைத்தறி: கைத்தறியில் பல நாள் ஆகும் சேலை அங்கே மளமளவென்று முடிகிறது.
* அடுத்த தலைமுறை: வெம்பாக்கம், செய்யாறு பக்கத்துக் கிராமங்களிலிருந்து செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போனால் மாதச் சம்பளம், பி.எஃப். உண்டு. தறிக்குழியில் அது கிடையாது.

இது ஆரணியின் கதை மட்டுமல்ல. 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த இந்தியக் கைத்தறித் தொழிலாளர்கள், 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தனர்.

சட்டம் இருக்கா?

இருக்கிறது. 1985-ம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி 11 வகைத் துணிகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும். குறிப்பிட்ட வகை பட்டுச் சேலைகளும் அதில் அடக்கம். மீறி விசைத்தறியில் நெய்வது குற்றம். ஆனால் கடை அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வாங்குபவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தமிழக அரசு கைத்தறி நெசவாளர்களுக்கான இலவச மின்சாரத்தை 2023-ல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது. வீட்டுச் செலவு குறையும், கூலி ஏறாது.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

பலரும் 'சில்க் மார்க்' இருந்தால் கைத்தறி என்று நினைக்கிறார்கள். அது தவறு. சில்க் மார்க் சொல்வது 'இது அசல் பட்டு' என்பதை மட்டுமே. விசைத்தறியில் நெய்த அசல் பட்டுக்கும் அது கிடைக்கும். கையால் நெய்ததா என்று தெரிய 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரையைப் பார்க்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் நேரடியாகக் கேட்டும் வாங்கலாம்.

மஸ்லின் போன காலத்தில் ஆரணி நெசவாளர்களுக்குப் பட்டு கைகொடுத்தது. பட்டும் போனால் அடுத்து மாறிக்கொள்ள இன்னொரு துணி இல்லை. கைத்தறிச் சேலைக்கு உரிய விலை, நெய்பவரின் கூலியாகப் போய்ச் சேருமா என்பதில்தான் இந்தத் தறிகளின் ஆயுள் இருக்கிறது.