தினைக்கதிரும் இரு காடைகளும்

ஜப்பானியப் பழம்பீங்கான்களில் பறவைகள் பல உண்டு. நெடுவாழ்வைக் குறிக்கும் கொக்கும், நல்லாட்சியைக் குறிக்கும் ஹோ-ஓ என்னும் கற்பனைப் பறவையும் அவற்றுள் புகழ்பெற்றவை. எனினும், தினைக்கதிரின் அடியில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரு எளிய காடைகளின் வரலாற்றை இங்கே நாம் எண்ணிப் பார்ப்போம்.

அவ்வரலாறு போரில் தொடங்குகிறது. 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடின. குயவர் பலர் சிறைப்பிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவரான யீ சாம்-பியோங், 1616-ஆம் ஆண்டளவில் அரித்தாவில் பீங்கானுக்கு ஏற்ற வெண்கல்லைக் கண்டறிந்தார் என்பது மரபு. அந்நாட்டின் பீங்கான் தொழில் இவ்வாறு அயலாரின் கைகளில் பிறந்தது. அவர்களுள் பலர் தாயகம் திரும்பவேயில்லை.

1640-களில் சக்காயிதா காக்கியேமோன் என்பவர் வண்ணந்தீட்டும் கலையில் தேர்ச்சி பெற்றார். மெருகிட்டு உயர்வெப்பத்தில் சுட்ட கலத்தின்மீது சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் வண்ணங்களைத் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவது அம்முறை. அவர் மரபினரின் சிறந்த கலங்களின் வெண்மைக்கு நிகோஷிதே என்று பெயர். அரிசி கழுவிய நீரின் நிறம் என்பது அதன் பொருள். பெரும்பரப்பை வெறுமையாக விட்டு, ஓரத்தில் காடைகளையும் இலையுதிர்காலத் தினையையும் வரைந்தனர். அவ்வெறுமையே பறவைகளுக்கு வெளியாயிற்று.

அக்காலத்தில் நாட்டின் வாயில்கள் அடைபட்டிருந்தன. 1614-இல் கிறித்தவம் தடைசெய்யப்பட்டது. 1635-இல் ஜப்பானியர் வெளிநாடு செல்வது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1639-இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். 1641 முதல் ஐரோப்பியருள் டச்சு வணிகர் மட்டுமே நாகசாகியின் தெசிமா தீவில் தங்க இசைவு பெற்றனர். 1644-இல் மிங் அரசு வீழ்ந்து சீனச் சூளைகள் நலிவுற்றபோது, அவர்கள் அரித்தாவை நாடினர். 1659-இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களைக் கோரினர்.

இவ்வாறு காடைகள் கடல் கடந்தன. 1710-இல் நிறுவப்பட்ட ஜெர்மனியின் மைசென் ஆலையும், பின்னர் பிரான்சின் ஷாந்தியியும், இங்கிலாந்தின் செல்சியும் போவும் அவற்றைப் படியெடுத்தன. ஆங்கிலேயரோ காடையைக் கவுதாரி என்று பெயர்மாற்றி அழைத்தனர்! தினையும் இலையுதிர்காலமும் ஜப்பானியர் உள்ளத்தில் எழுப்பிய நினைவுகள் கடலிலேயே கரைந்தன. அழகு மட்டும் கரை சேர்ந்தது.

வரைந்த கைஞரோ நாட்டின் எல்லையைத் தாண்ட இயலாதவர். அவருக்கு மறுக்கப்பட்ட பயணத்தை அவர் வரைந்த பறவை மேற்கொண்டது. அவருள் பெரும்பாலோர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் அரித்தாவில், சிறைப்பட்டு வந்த அக்கொரியக் குயவருக்கு 1917-இல் நினைவுத்தூண் எழுப்பினர். கொள்ளையாகக் கொண்டுவரப்பட்டவரைத் தந்தையென ஓர் ஊர் ஏற்க முந்நூறு ஆண்டுகள் சென்றன. அருங்காட்சியகப் பேழைகளில் அழகை வியக்கும் நாம், அதன் பின்னால் நிற்கும் கண்ணீரையும் காணக் கற்போமாக.