மூன்று தடயங்கள்: ப்ளூ நோட் ட்ரம்பெட் இசைத்தட்டுகளும் 'முதல் அச்சு' என்ற கருத்தும்

பழைய புத்தகம் ஒன்று முதல் பதிப்பா என்று அறிய அதன் பதிப்பு விவரப் பக்கத்தைப் புரட்டினால் பெரும்பாலும் போதும். 1950களின் அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டில் அப்படி ஒரு பக்கம் கிடையாது. எந்த ஆண்டு, எத்தனையாவது முறை அச்சானது என்று நிறுவனங்கள் தட்டில் குறிக்கவில்லை. குறிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை. ஆனாலும் இன்று ஒரு லீ மார்கன் இசைத்தட்டோ கென்னி டோர்ஹம் இசைத்தட்டோ 'ஒரிஜினல்' என்ற பெயரில் பெரும் தொகைக்குக் கைமாறுகிறது. இந்த 'ஒரிஜினல்' எதைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது, அந்த அளவுகோல் எப்போது உருவானது என்பதை ப்ளூ நோட் நிறுவனத்தின் ட்ரம்பெட் இசைத்தட்டுகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜெர்மனியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய ஆல்ஃபிரட் லயன் 1939-இல் ப்ளூ நோட்டைத் தொடங்கினார். பெர்லின் காலத்து நண்பரும் புகைப்படக் கலைஞருமான ஃபிரான்சிஸ் வூல்ஃப் விரைவிலேயே அவருடன் சேர்ந்துகொண்டார். கொலம்பியா நிறுவனம் 1948-இல் எல்பி தட்டை அறிமுகப்படுத்திய பிறகும் ப்ளூ நோட் சில ஆண்டுகள் 10 அங்குலத் தட்டுகளிலேயே தங்கியிருந்தது. 12 அங்குல 1500 வரிசை 1950களின் நடுவில்தான் வந்தது. 18 வயது லீ மார்கன் 1956 நவம்பரில் பதிவுசெய்த 'லீ மார்கன் இண்டீட்!' அந்த வரிசையில் 1538ஆம் எண். அதன் முதல் லேபிளில் உள்ள முகவரி 767 லெக்சிங்டன் அவென்யூ. 1957-இல் அலுவலகம் 47 மேற்கு 63ஆம் தெருவுக்கு மாறியதும் லேபிளும் மாறியது. 1962 வாக்கில் தெருப் பெயரே மறைந்து 'நியூயார்க், யு.எஸ்.ஏ.' என்று மட்டும் நின்றது.

சேகரிப்போர் முதலில் பற்றிக்கொண்ட தடயம் இந்த முகவரிதான். என் கணிப்பில் மூன்று தடயங்களில் மிகப் பலவீனமானதும் இதுவே. லேபிள் என்பது அச்சகத்தில் மொத்தமாக அடித்து வாங்கி வைக்கும் வெறும் காகிதம். அலுவலகம் மாறிவிட்டது என்பதற்காக மிச்சமிருந்த கட்டைக் குப்பையில் போடும் அளவுக்கு லயனிடம் பணம் இருக்கவில்லை. பழைய லேபிள் தீரும்வரை ஒட்டினார்கள். ஒரே தட்டின் இரு பக்கத்திலும் இரு வேறு முகவரிகள் இருப்பதும் உண்டு. ஆக, லேபிள் காட்டுவது அந்தக் காகிதம் அச்சான காலத்தை. தட்டு அச்சான காலம் அதற்கு எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது.

இரண்டாவது தடயம் கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வழவழப்பான வளையத்தில் இருக்கிறது. சேகரிப்போர் இதை 'டெட் வாக்ஸ்' என்பார்கள். தட்டை விளக்கின் கீழ் சற்றே சாய்த்தால் 'ஆர்விஜி' என்ற மூன்று எழுத்துகள் கையால் கீறப்பட்டிருப்பது தெரியும். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகள் அவை. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்த வான் கெல்டர், நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார். 1953 முதல் ப்ளூ நோட்டுக்குப் பதிவுசெய்தார். 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் கட்டிய புதிய ஸ்டூடியோவுக்கு மாறினார். 1960களின் தொடக்கத்தில் கைக்கீறல் போய், 'வான் கெல்டர்' என்று இயந்திர எழுத்தில் பொறித்த முத்திரை வந்தது.

லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் பள்ளம் வெட்டியவரும் அவரே. அந்தத் தட்டின்மேல் உலோகம் படியவைத்து எதிரச்சு எடுப்பார்கள். அதிலிருந்து 'மதர்', மதரிலிருந்து வினைலை அழுத்தும் 'ஸ்டாம்பர்'. லாக்கரில் கீறிய எழுத்து இத்தனை தலைமுறையும் கடந்து கடைசித் தட்டுவரை வந்து சேரும். அதனால் இந்த எழுத்துகளைப் பார்த்தால் வெட்டியவர் யார் என்பது உறுதி. எந்த ஆண்டு, எந்த ஆலையில் அழுத்தப்பட்டது என்பதற்கு அவை சாட்சி ஆகா. அதே உலோக அச்சைப் பத்து ஆண்டு கழித்து வேறொரு ஆலையும் பயன்படுத்தலாம். பயன்படுத்தவும் செய்தார்கள்.

மூன்றாவது தடயம் அதே வளையத்தில் உள்ள சிறு சுழிப்பு. காது போலவோ சாய்ந்த 9 போலவோ தெரியும். உண்மையில் அது கையெழுத்துப் பாணியில் இட்ட 'பி' எழுத்து. நியூ ஜெர்சியின் நார்த் பிளெய்ன்ஃபீல்டில் இருந்த பிளாஸ்டிலைட் ஆலையின் குறி அது. அந்த ஆலை மற்ற நிறுவனங்களுக்கும் தட்டு அடித்துக் கொடுத்ததால் அவர்களுடைய தட்டுகளிலும் இந்தக் குறியைப் பார்க்கலாம். ப்ளூ நோட் 1966 வரை அங்கேதான் தட்டு அடித்தது. 'காது' இருந்தால் தட்டு அந்த ஆண்டுக்குப் பிந்தியதல்ல என்று துணிந்து சொல்லலாம். லேபிள் பகுதியில் வட்டமாக அழுந்திய 'டீப் க்ரூவ்' பற்றிச் சந்தைகளில் பெரிதாகப் பேசுவார்கள். அது அழுத்து இயந்திரத்தின் பழைய அச்சுவார்ப்பு விட்ட தடம், அவ்வளவுதான். புதிய வார்ப்பு வந்த பிறகும் பழையதை அவ்வப்போது மாட்டி ஓட்டியிருக்கிறார்கள் என்பதால் தனியாக அதை நம்ப முடியாது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கிய இடம் 1966. கலிஃபோர்னியாவின் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் ப்ளூ நோட்டை வாங்கியது. அச்சு வேலை பிளாஸ்டிலைட்டை விட்டுப் போனது. ஆனால் வான் கெல்டரின் உலோக அச்சுகளும், மிச்சமிருந்த நியூயார்க் லேபிள்களும், அட்டைகளும் புதிய முதலாளியிடம் வந்தன. அவரும் அவற்றை வீணாக்கவில்லை. விளைவு, நியூயார்க் லேபிளும் வான் கெல்டர் முத்திரையும் இருந்தும் 'காது' இல்லாத தட்டுகள். கேட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் அவை லிபர்ட்டி காலத்துத் தட்டுகள். பல ஆண்டுகள் இவற்றையும் முதல் அச்சு என்றே விற்றார்கள், வாங்கினார்கள்.

'த சைட்வைண்டர்' இதற்குச் சரியான சோதனை. 1963 டிசம்பர் 21 அன்று பதிவாகி, மறு ஆண்டு 4157ஆம் எண்ணில் வெளிவந்த இந்த லீ மார்கன் தட்டு, பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் 25ஆம் இடம்வரை ஏறியது. சிறிய ஜாஸ் நிறுவனத்துக்கு இது எதிர்பாராத வெற்றி. முதலில் அடித்த தட்டுகள் சில நாளிலேயே தீர்ந்துபோனதாகச் சொல்வதுண்டு. அதன்பின் திரும்பத் திரும்ப அடித்தார்கள். அதனால் நியூயார்க் யு.எஸ்.ஏ. லேபிள், வான் கெல்டர் முத்திரை, 'காது' மூன்றும் சரியாக உள்ள பிரதிகூட முதல் வாரத்தில் அடித்ததா, அடுத்த ஆண்டு அடித்ததா என்று பிரித்தறிய வழியில்லை. நன்றாக விற்ற தட்டில் முதல் அச்சு என்பதே மங்கலாகிவிடுகிறது.

விற்காத தட்டில் இந்தக் குழப்பம் குறைவு. லூயிஸ் ஸ்மித்தின் 'ஹியர் கம்ஸ் லூயிஸ் ஸ்மித்' 1957-இல் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த ட்ரான்சிஷன் நிறுவனத்துக்காகப் பதிவானது. அதை நடத்திய டாம் வில்சன் (பின்னாளில் பாப் டிலனின் தயாரிப்பாளர்) நிறுவனத்தை மூட நேர்ந்ததும் நாடாவை லயன் வாங்கி 1584ஆம் எண்ணில் வெளியிட்டார். அட்டையில் சாக்ஸபோன் கலைஞராக உள்ள 'பக்‌ஷாட் லா ஃபங்க்' வேறு யாருமல்ல, கேனன்பால் ஆடர்லி. வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் மாற்றுப் பெயர். ஸ்மித் விரைவில் ஆசிரியர் வேலைக்கே திரும்பிவிட்டார். அவருடைய தட்டைத் திரும்பத் திரும்ப அடிக்க யாருக்கும் தேவை எழவில்லை. அன்று கடையில் தூங்கியதே இன்று அதை அரிய பொருளாக்கியிருக்கிறது.

இந்தத் தடயங்களைப் படிக்கும் முறை இசைத்தட்டுகளோடு சேர்ந்து பிறந்ததல்ல. ஜாஸ் கேட்பதற்கென்றே காப்பிக் கடைகள் நடந்த ஜப்பானில் ப்ளூ நோட் மோகம் ஆழமானது. 1970களின் பிற்பகுதியில் கிங் ரெக்கார்ட்ஸ் அங்கே மறுவெளியீடுகளைக் கொண்டுவந்தது. அமெரிக்காவிலிருந்து பழைய தட்டுகளும் பெருமளவில் அங்கே போயின. தொலைவில் இருந்து தபாலில் வாங்குபவருக்குத் துல்லியமான விவரணை தேவைப்பட்டது. லேபிள் முகவரி, முத்திரை, காது என்று விற்பனைப் பட்டியல்கள் பேசத் தொடங்கியதில் இந்தத் தேவைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. நியூயார்க்கின் ஜாஸ் ரெக்கார்ட் சென்டரை நடத்திய ஃபிரெடரிக் கோஹன் 2010-இல் தன் கையேட்டை வெளியிட்டபோதுதான், ஒவ்வொரு எண்ணுக்கும் முதல் பிரதியில் என்னென்ன இருந்தன என்பது ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டது. லயன் நிறுவனத்தை விற்று அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே முறையைப் பெரிய நிறுவனங்களிடம் கொண்டுபோனால் தடுமாறும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 ஆகஸ்டில் வெளிவந்தபோது கொலம்பியா அதைப் பல ஊர் ஆலைகளில், பல லாக்கர்களிலிருந்து ஒரே சமயத்தில் அடித்தது. எதை முதல் என்பது? அட்டையின் பின்புறம் இரண்டாம் பக்கப் பாடல்கள் வரிசை மாறி அச்சான பிரதிகளே முந்தியவை என்று கொள்கிறார்கள். அதைவிடச் சுவையான செய்தி வேறு: மார்ச் 2 அமர்வில் பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், முதல் பக்கம் முழுவதும் சுருதி உயர்ந்து ஒலிக்கிறது. 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். ட்ரம்பெட்டின் உண்மையான சுருதி வேண்டுமென்றால் ஒரிஜினலை விட்டு விலக வேண்டும்! பிரெஸ்டீஜ் நிறுவனத்தில் இன்னொரு சிக்கல். 1956-இன் இரண்டே நாள் அமர்வுகளிலிருந்து மைல்ஸின் நான்கு ஆல்பங்கள் 1957க்கும் 1961க்கும் இடையே பிரித்து வெளியிடப்பட்டன. அதனால் 'குக்கின்' முதல் அச்சில் நியூயார்க் முகவரியும், 'ஸ்டீமின்' முதல் அச்சில் நியூ ஜெர்சியின் பெர்கன்ஃபீல்டும் இருக்கின்றன. முகவரியை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதை மறு அச்சு என்று ஒதுக்கிவிடுவார்.

மோனோவா ஸ்டீரியோவா என்ற பழைய சண்டைக்குள் இங்கே போகவில்லை. ப்ளூ நோட்டைப் பொறுத்தவரை 1958 இறுதிக்குப் பின் மோனோத் தட்டுகளும் ஸ்டீரியோ நாடாவிலிருந்தே எடுக்கப்பட்டன என்பதால், அந்தக் காலத் தட்டுகளில் சண்டையின் காரம் பாதி குறைந்துவிடுகிறது.

ஒலிக்காகத்தான் முதல் அச்சைத் தேடுகிறார்களா என்ற கேள்விக்கு மறுவெளியீடுகள் ஒரு சான்றைத் தருகின்றன. 2007-இல் தொடங்கிய மியூசிக் மேட்டர்ஸ் வரிசையும், 2019-இல் ஜோ ஹார்லி தயாரிப்பில் தொடங்கிய டோன் போயட் வரிசையும் மூல நாடாக்களிலிருந்து கெவின் கிரே வெட்டியவை. சாதாரண வீட்டுப் பிளேயரில் முள் குதிக்கக்கூடாது என்று வான் கெல்டர் அடங்கி வெட்டிய கீழ் ஸ்தாயி இவற்றில் முழுதாகக் கேட்கிறது. பாஸும் ட்ரம்ஸும் இவற்றில் தெளிவு. மார்கனின் உச்ச ஸ்வரங்கள் அறைக்குள் பாய்ந்து வரும் அந்த முன்துருத்தல் மட்டும் 'காது' உள்ள பழைய தட்டுகளில்தான் கூடுதலாக இருக்கிறது என்பது என் செவியின் தீர்ப்பு. அதை மறுப்பவர்களும் நிறைய. ஆனால் புதிய வெட்டுகள் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நிலையிலும் பழைய பிரதிகளைத் தேடுவோர் குறையவில்லை. ஒலிக்காக மட்டுமே வாங்குகிறோம் என்ற வாதத்தோடு இது பொருந்தவில்லை.